வலிக்கும் இடத்தில் பொட்டு

பிப்ரவரி 3, திங்கள்

மாதக் கூட்டம். பத்து மணிக்கு என்றார்கள், ஆரம்பிக்கும்போது பதினொன்றே கால். இந்த மாதத் தலைப்பு ‘நான்’. குழந்தை தன்னைத்தானே அறிந்துகொள்ள வேண்டுமாம். என் பெயர், என் முகம், என் உடம்பு, எனக்குப் பிடித்தது, எனக்குப் பயம். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறோம் என்று நாங்களே திட்டம் போட்டு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் மேடம் சொல்லிவிட்டார். நோட்டின் முன்பக்கம் மேடத்துக்கு. கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதும் இது எனக்கு.

இருபத்திரண்டு குழந்தைகள், ஒன்றரை அறை, சுற்றாத ஃபேன். இந்தப் பால்வாடியில் பத்தொன்பது வருடமாக நான் டீச்சர். சமையலும் கூட்டிப் பெருக்குவதும் ராமாயி அக்கா. தலைப்பைச் சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“நானு யாருன்னு எனக்கே இன்னும் தெரியல. இதுக மூக்கை ஒழுக்கிக்கிட்டு நிக்குதுக, இதுகளுக்குச் சொல்லித் தரோணுமாக்கும்!”

மாதிரித் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். என் பெயர், எனக்குப் பிடித்தது, எனக்குப் பயம், எனக்கு வலிக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோடு. ‘முதலில் ஆசிரியர் தன்னைப் பற்றி நிரப்பிக் காட்டவும்’ என்று அடியில் போட்டிருக்கிறது. ஆணியில் மாட்டிவைத்தேன். பிறகு பார்க்கலாம்.

குழந்தைகள் தூங்குகிறார்கள். இதையும் எழுதிவிடுகிறேன், எங்கேயாவது எழுதினால்தான் மண்டைக்குள் ஓடுவது நிற்கும். பொங்கலன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளை ஒட்டி, ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அன்றைக்குப் பட்டாணி அளவு. இன்றைக்குக் கொட்டைப்பாக்கு. கையைத் தூக்கினால் சுருக்கென்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. மகள் தாரணிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை மார்ச் இருபத்தைந்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு போய்க் காட்டலாம். அதுவரை அது எங்கே ஓடிப்போகப்போகிறது.

பிப்ரவரி 5, புதன்

‘என் பெயர்’. நான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அந்தக் குழந்தை எழுந்து கையைத் தூக்கி “நான் இங்க இருக்கேன்!” என்று கத்த வேண்டும். நோட்டில் எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

பாதிப் பேருக்குத் தங்கள் பெயரே தெரியவில்லை. வீட்டில் பாப்பா, சாமி, குட்டி, தங்கம். “லோகித்” என்று ஏழு தடவை கூப்பிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து என் சேலை நுனியைச் சப்பிக்கொண்டிருக்கிறான். “நீதான்டா லோகித்” என்றால், “இல்லீங் டீச்சர், நானு தங்கம்” என்கிறான். இன்னொருத்தி எல்லாப் பெயருக்கும் எழுந்து நின்று “இருக்கேன்” என்றாள். தொண்டை கட்டிவிட்டது.

ரூபி மட்டும் எழவே இல்லை. நாலு வயது. அப்பா அம்மா பீகார் பக்கத்திலிருந்து வந்து நூல் மில்லில் வேலை செய்கிறார்கள். இங்கே சேர்ந்து நாலு மாதமாகிறது, அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு என் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பாள். சாயந்தரம் அவள் அப்பாவிடம் கேட்டேன்.

“ரூம்ல பேசும் மேடம். நிறைய பேசும். இங்க பயம்.”

மேடம் போன தடவையே கேட்டுவிட்டார், “அந்தப் பொண்ணைப் பேச வைக்க என்ன முயற்சி எடுத்தீங்க?” என்று. முயற்சி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? கத்திப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன், வெல்லம் கொடுத்துப் பார்த்தேன். வெல்லத்தைத் தின்றுவிட்டாள்.

பிப்ரவரி 8, சனி

எடை போட்டோம். லோகித் முந்நூறு கிராம் குறைந்திருக்கிறான். எனக்கு இடது தோளில் வலி. இருபத்திரண்டு உருப்படியைத் தூக்கித் தூக்கி இறக்கினால் வலிக்கத்தான் செய்யும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

‘என் முகம்’. வீட்டிலிருந்து பெரிய கண்ணாடியைப் பையில் சுற்றிக் கொண்டுவந்தேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கண்டக்டர் “டீச்சர், சலூனுங்களா?” என்கிறார். ஊருக்கெல்லாம் என் பிழைப்பு வேடிக்கையாகப் போய்விட்டது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கண்ணாடி முன் நிறுத்தி, “உன் மூக்கு எங்கே, உன் காது எங்கே” என்று கேட்டேன். தன்ஷிகா கண்ணாடிக்கு முத்தம் கொடுத்தாள். லோகித் நக்கிப் பார்த்தான். அப்புறம் எல்லாரும் நக்க வந்துவிட்டார்கள். ராமாயி அக்கா துணியோடு ஓடிவந்து ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு துடைப்பு துடைத்தாள்.

ரூபி வந்து நின்றாள். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்குள் பின்னால் தெரிந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையைக் கொண்டுபோய் இடது அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். பழிப்புக் காட்டுகிறாளா என்று அதட்டப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது, என் கையும் அங்கேதான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

இனி ஞாபகமாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

பால்வாடியில் பெண்களுக்கான பரிசோதனை முகாம். முப்பது வயதுக்கு மேல் யார் யார் என்று பட்டியல் எடுத்தது நான், வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தது நான், ஃபாரம் நிரப்பியதும் நான். பார்ப்பது மட்டும் நர்ஸ் கலைவாணி. சின்னப் பெண், கை சுத்தம், வாயும் சுத்தம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தறிக்காரர் வீட்டுச் சரசு வர மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எதாச்சும் இருக்குதுன்னு சொல்லிப்போட்டா நானு என்னங்க பண்றது? கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிரும்னு சொல்றாங்கல்லங்க.”

எனக்கு வந்ததே கோபம். “எவ சொன்னா? கத்தி பட்டுப் பரவல, காட்டாம வெச்சிருந்து பரவுது. படிக்காதவளாட்டம் பேசாத. எந்திரி” என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நாற்பது பேர் முடிந்தது. நாற்பத்தொன்றாவது பெயர் என்னுடையது. கலைவாணி கையைக் கழுவிக்கொண்டே, “உங்களையும் பாத்தர்லாமாக்கா?” என்றாள்.

“நேத்துத்தான் நானே பாத்துக்கிட்டேன் கண்ணு. ஒண்ணும் இல்ல. உனக்குப் பஸ் போயிரும்.”

‘மார்பில் கட்டி உள்ளதா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

என் அக்கா பாக்கியத்துக்கும் இப்படித்தான் ஒரு கட்டி வந்தது. போய்க் காட்டினாள். காட்டி ஏழு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். நாற்பத்திநாலு வயது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீட்டுக்காரர் துணி காயப்போடும் கயிற்றை ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மில் வேன் ஓட்டுகிற மனிதர், ஹாரன் அடித்துப் பேசுவதோடு சரி.

மாதிரித் தாளை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். தாரணி பாடப் புத்தகத்துக்கு நடுவில் அதை எடுத்துப் பார்த்தாள்.

“ஏம்மா, எதையுமே எழுதல? எனக்குப் பயம்னு போட்டிருக்குது. உனக்குத்தான் பயமே இல்லையே. கோடு போட்டுக் குடுத்துரு.”

“நீ படி. உயிரியலை முடிச்சியா?”

“முடிச்சாச்சு. செல் பிரியறது வரைக்கும்.”

சோறு எடுத்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

‘என் உடம்பு’. இதற்கு நானே ஒரு விளையாட்டு யோசித்தேன். ஸ்டிக்கர் பொட்டு அட்டை நாலு வாங்கினேன். ஆளுக்கு ஒரு பொட்டு. எங்கே வலிக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி “எனக்கு இங்க வலிக்குது” என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் வலியைச் சொல்லத் தெரியாமல்தான் காய்ச்சலை முற்ற விடுகின்றன. சொல்லப் பழக்கினால் நல்லது என்று முன்பக்கத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் எழுதினேன். 

பிரமாதமாக நடந்தது. முட்டி, முழங்கை, பல், காது. தன்ஷிகா தொப்புளில் ஒட்டிக்கொண்டாள். ஒருத்தன் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்து, “எங்கப்பனுக்கு இங்க வலிக்குமுங்க. காத்தால மட்டுந்தான்” என்றான். ராமாயி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“வலிச்சா என்ன பண்ணோணும்?” என்று கேட்டேன்.

“சொல்லோணும்!”

“சொல்லாட்டி?”

“தெரியாது!”

“யார்கிட்டச் சொல்லோணும்?”

“டீச்சர்கிட்ட!”

ரூபி தன் பொட்டை எங்கேயும் ஒட்டவில்லை. விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும்போதும் விரலில்தான் இருந்தது.

பிப்ரவரி 22, சனி

பதினான்காம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பின்பக்கத்தில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

அக்கா காட்டி ஏழு மாதத்தில் போனாள் என்பது சரி. காட்டுவதற்கு முன்னால் ஒன்றரை வருடம் காட்டாமல் வைத்திருந்தாள். அதை எழுதவில்லை. அந்த ஒன்றரை வருடமும் எனக்குத் தெரியும். அதையும் எழுதவில்லை.

பண்ணாரி கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, பேருந்தில் என் கையைப் பிடித்துத் தன் சேலைக்குள் வைத்துக் காட்டினாள். “யார்கிட்டயும் சொல்லிப்போடாத நாகு. மாமனுக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிரும். புள்ளைக கல்யாணம் முடியட்டும்.” நான் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. ஊரில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் வீடு தேடிப் போய் அம்மாக்காரியைத் திட்டுகிறவள், கூடப் பிறந்தவளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போனதற்கு நானும் ஒரு காரணம். பதினோரு வருடத்தில் இதை முதல் தடவையாக எழுதுகிறேன். கல் மாதிரி கிடந்தது. எழுதியும் நகரவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

வீட்டில் பருப்பைத் தீயவிட்டுவிட்டேன். இரண்டு பேரும் அதையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள், அதுதான் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 3, திங்கள்

தாரணிக்குத் தமிழ்ப் பரீட்சை. நன்றாக எழுதியிருக்கிறாளாம். இன்னும் இருபத்திரண்டு நாள். கட்டி இப்போது கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிறது. தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்திருக்கிறது. பாக்கியம் அக்காவுக்கும் குழி விழுந்தது.

இருபத்திரண்டு நாள்தான்.

மார்ச் 5, புதன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை ஓடவில்லை, ஆனாலும்.

‘நான்’ முடிப்பு விழா. பிப்ரவரியில் முடிய வேண்டியது, மேடத்துக்குத் தேதி ஒத்துவராமல் இன்றைக்குத் தள்ளிப்போனது. புதன்கிழமை தடுப்பூசி நாள், அதனால் கலைவாணியும் இருந்தாள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, “எங்கே, ஒரு புதுச் செயல்பாடு பண்ணிக் காட்டுங்க பார்ப்போம்” என்றார்.

செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்கித் தரையில் விரித்திருந்தேன். ஒரு குழந்தையைப் படுக்கவைத்து, சுற்றிலும் கோடு வரைந்து, அந்த உருவத்தில் எல்லாரும் கண், மூக்கு, சட்டை எல்லாம் ஒட்டுவதாகத் திட்டம். லோகித்தைப் படு என்றால் படுக்கிறான், உடனே உருள்கிறான். மூன்று தடவை தாள் கிழிந்தது. ராமாயி அக்காதான், “நீங்களே படுங்க டீச்சர், உங்களைத்தான் உருட்ட முடியாது” என்றாள். மேடமும் சிரித்துக்கொண்டே, “ஆமா, படுங்க படுங்க” என்றார்.

படுத்தேன். உண்மையைச் சொன்னால், படுத்ததும் அப்படியே கிடந்துவிடலாம் போல இருந்தது. அக்கா ஸ்கெட்ச் பேனாவால் என்னைச் சுற்றிக் கோடு போட்டாள். இடது கையை விரிக்கச் சொன்னாள். விரிந்த வரைக்கும் விரித்தேன். எழுந்து பார்த்தால் தாளில் நான் ஒரு பக்கம் சிறகு முடங்கிய கோழி மாதிரி இருந்தேன்.

குழந்தைகள் பாய்ந்தார்கள். உருவத்துக்குப் பொத்தான் கண், வெண்டைக்காய்க் காம்பில் மூக்கு. பழைய வளையலைக் கழுத்தில் வைத்தார்கள். “டீச்சர் எப்படி இருப்பாங்க?” என்று மேடம் கேட்டதற்கு, “கத்துவாங்க!” என்று பதில் வந்தது.

அப்போது ரூபி சுவரை விட்டு வந்தாள். பொட்டு அட்டையிலிருந்து சிவப்புப் பொட்டாகப் பார்த்து ஒன்றை உரித்தாள். தாளின் மேல் மண்டி போட்டு ஊர்ந்து போய், அந்த உருவத்தின் இடது மார்பில், அக்குளை ஒட்டி, சரியாக அந்த இடத்தில் ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“டீச்சர் வலி.”

ஐந்து மாதத்தில் முதல் சொல். “டீச்சர் இங்க வலி” என்று மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக, விளையாட்டில் சொல்லிக்கொடுத்தபடியே.

மேடம் கைதட்டினார். “பேசிருச்சு பாருங்க! சூப்பர்! இதை நோட்ல எழுதுங்க டீச்சர்!” கைதட்டியதும் குழந்தைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆளுக்கொரு பொட்டு உரித்து, “டீச்சர் வலி, டீச்சர் வலி” என்று அதே இடத்தில் ஒட்ட ஆரம்பித்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து, பதினைந்து, சிவப்பும் மெரூனும் கறுப்புமாக. ராமாயி அக்கா முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நான் கையை மறுபடியும் அங்கேதான் வைத்திருந்தேன்.

கலைவாணி ஊசிப் பெட்டியை மூடினாள். “அக்கா, உள்ள வாங்க.”

சத்துமாவு மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் கதவைச் சாத்தினாள். பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“எத்தனை நாளா?”

“பொங்கலுக்கு.”

“ஃபாரத்துல இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே அக்கா. நீங்க எழுதுனீங்கன்னுதான நானு பாக்கல.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று தெரியவில்லை. “உடனே பெரிய ஆஸ்பத்திரி போகோணும். நானே எழுதித் தர்றேன்.”

“புள்ளைக்குப் பரீட்சை ஓடுது. அது முடியட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்காவின் வார்த்தைகள். அப்படியே, பேருந்தில் சொன்ன மாதிரியே. மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு வெளியே இருபத்திரண்டு குழந்தைகளும் பாட்டு மாதிரி “டீச்சர் வலி” சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கலைவாணி சொன்னாள், “நானு சொல்லத்தாங்க்கா போறேன். என்னை என்ன வேணும்னாலும் திட்டிக்குங்க.”

இதைத்தான் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

“வேண்டாம்” என்றேன். “நானே சொல்றேன்.”

மார்ச் 6, வியாழன்

நேற்றுச் சாயந்தரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமல் கேட்டார். தண்ணீர் வாசல் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. “கயித்தை எறக்கிக் கட்டுனப்பவே கேட்டிருக்கோணும்” என்றார். அப்புறம்தான் போய்க் குழாயை மூடினார்.

தாரணி கத்தினாள். “என்ற பரீட்சையை எதுக்கும்மா சாக்குச் சொல்ற? நானு கேட்டனா?” என்று கத்திவிட்டு, என் மடியில் தலையை வைத்து அழுதாள். நாளைக்கு அவளுக்கு ஆங்கிலம். அதுபாட்டுக்கு எழுதட்டும்.

இன்றைக்கு மையத்தை ராமாயி அக்காவிடம் ஒப்படைத்தேன். அந்தத் தாளைச் சுருட்டிவிடச் சொன்னேன். “அது அங்கியே கெடக்கட்டும். நீங்க வந்து உரிங்க” என்றாள். வாசலில் ரூபி நின்றாள். குனிந்து, “ரூபி” என்றேன். கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். “இருக்கேன்” என்று சொல்லவில்லை. பரவாயில்லை, ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும்.

மார்ச் 7, வெள்ளி. பெரிய ஆஸ்பத்திரி

பெஞ்சில் ஐம்பது பேர். எனக்கு முப்பத்தாறாம் நம்பர். வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருக்கிறார். ஊசி குத்தி எடுத்துப் பார்ப்பார்களாம், முடிவு வர ஒரு வாரமாம். என்ன வரும் என்று எனக்குத் தெரியாத மாதிரி நான் நடிக்கப்போவதில்லை. ஆனால் பொங்கலிலிருந்து இன்றைக்கு ஒன்றரை வருடம் ஆகவில்லை, ஐம்பத்திரண்டு நாள்தான் ஆகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

நோட்டுக்குள் மாதிரித் தாள் இருந்தது. நேரம் போக வேண்டுமே என்று நிரப்புகிறேன்.

என் பெயர்: நாகரத்தினம். பத்தொன்பது வருடமாக எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டதில் இந்தப் பெயரை எழுதும்போது ஒரு கணம் யாரோ மாதிரி இருந்தது. அக்காவுக்கு மட்டும் நாகு.

எனக்குப் பிடித்தது: மத்தியானம் இருபத்திரண்டும் தூங்குகிற நேரம். கண் முழித்த பிறகும் பிடிக்கும்.

எனக்குப் பயம்: தாரணி கல்லூரிக்குப் போவதை நான் பார்க்காமல் போய்விடுவேனோ என்று. கத்திக்கும் பயம்தான். சரசுவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவளைப் படிக்காதவள் என்று திட்டியிருக்கக் கூடாது.

எனக்கு வலிக்கும் இடம்:

கூப்பிடுகிறார்கள். இந்தக் கோட்டை எழுதி நிரப்பவில்லை. உள்ளே போய் என் வாயால் சொல்லிவிட்டு வருகிறேன்.